முதுகைக் காட்டிப் பேசத் தெரியாதவர்கள்

பிள்ளைகளே, தொலைக்காட்சி நாடகத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டால், யார் மேல் கோபமோ அவரைப் பார்த்துப் பேசமாட்டாள். விறுவிறுவென்று நான்கு எட்டு முன்னால் வந்து நிற்பாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துத் திட்டுவாள். பின்னால் நிற்கிறவரும் அவளுடைய கொண்டையைப் பார்த்தே பதில் சொல்வார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சண்டை போட்டிருக்கிறார்களா? எங்கள் வீட்டில் கிடையாது. எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் மூக்குக்கு மூக்கு.

அவர்கள் அப்படி நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோபக்காரி முன்னால், கெஞ்சுகிறவர் பின்னால் என்று நின்றால் இரண்டு முகமும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். கேமரா அசையவே வேண்டாம். யார் எங்கே நிற்பது, எந்தச் சொல்லுக்கு எத்தனை எட்டு நடப்பது, கேமரா எங்கிருந்து பார்ப்பது, எப்போது நகர்வது என்று முன்கூட்டியே முடிவு பண்ணி வைப்பதற்கு பிளாக்கிங் என்று பெயர். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எட்டு வருடம் விசைத்தறி ஓட்டிவிட்டு, இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறேன். பிளாக்கிங் என்ற சொல்லைப் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குக் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் “இங்க பாருங்க, சிரிங்க” என்று எத்தனை நாள்தான் சொல்லிக்கொண்டிருப்பது? ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சியாவது நான் டைரக்ட் பண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

சங்கரன்கோவிலில் உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிற அண்ணாச்சியிடம் போய் நின்றேன். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். வாரம் ஒரு நாடகம் எடுத்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் அவர் ஒத்துக்கொண்டார்.

“சரிவே, ஒரு சீன் எடுத்துட்டு வாரும். அஞ்சு நிமிசம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்துன ஞாயித்துக்கிழம போடுவோம். நல்லாருந்தா அந்தக் கால் மணி நேரம் உமக்கு. நல்லா இல்லன்னா நான் பாட்டப் போட்டுட்டுப் போயிருவேன். பொறவு இங்கன வந்து நிக்கப்பிடாது.”

“எப்பம் கொண்டு வரணும் அண்ணாச்சி?”

“முந்துன நாள் சாயங்காலம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது.”

அந்த முந்தின நாள் எது தெரியுமா? எங்கள் தெருவுக்கு மாதாந்திர மின்தடை அறிவித்திருந்த சனிக்கிழமை. காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை கரண்டு கிடையாது. மற்றவர்களுக்கு அது கஷ்டம், எனக்கு அதுதான் வரம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து டக்கடக் டக்கடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் யார் பேசுவதையும் ரிக்கார்டு பண்ண முடியாது. மாதத்தில் அந்த ஐந்து மணி நேரம்தான் தெருவே வாயை மூடிக்கொண்டு இருக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு, விட்டால் அடுத்த மாதம். அடுத்த மாதம் எடுத்து யாருக்குப் போட்டுக் காட்ட? ஆகவே ஒன்பதிலிருந்து இரண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதை சின்னக் கதைதான். தறிக்கூடத்தில் ஓர் அக்கா வேலை பார்க்கிறாள். தம்பி வந்து, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். அக்காவுக்குக் கோபம். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் மனசில்லை. அவ்வளவுதான். அக்காவாக என் மனைவி. தம்பியாக அவளுடைய சொந்தத் தம்பி, என் மச்சினன். வேறு ஆள் போட்டால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். இரண்டு பேரும் நிஜமாகவே நாங்கள் படம் எடுக்கப்போகிற தறிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். நடிப்பே வேண்டாம், வந்து நின்றால் போதும் என்று நினைத்தேன். மூன்றாவது ஆள், தறி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். எனக்கு மாமா முறை. கூடத்துச் சாவி அவரிடம் இருப்பதால் அவரைக் கூப்பிடாமல் முடியாது.

“மாப்ள, எனக்கு என்ன வேசம்?” என்றார் கதவைத் திறந்ததும். தலைக்குச் சாயம் போட்டு வந்திருந்தார்.

“வேசம் இல்ல மாமா. நீங்க மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி வச்சாப் போதும். கரண்டு வந்தா நம்ம தறி எதுவும் ஓடிரக் கூடாது.”

“அது நடிப்பு இல்லியே.”

“ரொம்ப முக்கியம் மாமா.”

முனகிக்கொண்டே போய் ஆஃப் பண்ணிவிட்டு வந்தார்.

நான் சாக்குக் கட்டியால் தரையில் மூன்று குறி போட்டேன். தறி ஓடும் இடத்தில் பஞ்சு பறந்து தரையெல்லாம் மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். கூட்டிவிட்டுத்தான் போட வேண்டியிருந்தது. ஒன்றாவது குறியில் தம்பி. இரண்டில் அக்கா. தம்பி “நான் திருப்பூருக்குப் போறேன்க்கா” என்றதும் அக்கா மூன்றாவது குறிக்கு வந்து, தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து, “போறதுன்னா போயேன், என்னைய எதுக்குக் கேக்க?” என்று சொல்ல வேண்டும். தம்பி ஒன்றாவது குறியிலேயே நின்று கண் கலங்க வேண்டும். ஆளுக்கு நான்கு தடவை சொல்லிக் கொடுத்தேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினேன். தொண்டையைச் செருமி, வாழ்க்கையில் முதல் தடவையாக “ஆக்‌ஷன்!” என்று சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

மச்சினன் அவனுடைய வசனத்தைச் சொன்னான். என் மனைவி அழகாக நடந்து மூன்றாவது குறிக்கு வந்தாள். முதுகைக் காட்டினாள். வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், கேமராவில் ஒரு பெரிய பின்னந்தலை வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. மச்சினன் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கட்! ஏலே, அங்கன நில்லுன்னு சொன்னேம்லா? எதுக்குல முன்னால வந்த?”

“அவ என்ன சொல்லுதான்னு பாக்க வேண்டாமா அத்தான்?”

“காது இருக்குல்லா உனக்கு?”

“காது இருக்கு. வாயப் பாக்காம எப்படிக் கேக்க?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவன். பிள்ளைகளே, உங்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது தறி ஓடுகிற இடத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் சத்தத்தால் பேசுவது குறைவு. எதிரில் நின்று, வாயை நன்றாகத் திறந்து மூடி, கையையும் கொஞ்சம் ஆட்டினால் போதும். நான்கு தறி தள்ளி நிற்பவளிடம், நேற்று வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போன கதையை முழுசாகச் சொல்லிவிடலாம். முதுகைத் திருப்பினால் பேச்சு முடிந்தது, போய் வேலையைப் பார் என்று அர்த்தம். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது என்று ஒரு காரியமே எங்கள் தொழிலில் கிடையாது.

இரண்டாவது தடவை, அசையவே கூடாது என்று மச்சினனைச் சத்தியம் பண்ண வைத்தேன். அவன் அசையவில்லை. ஆனால் கழுத்து மட்டும் நீண்டுகொண்டே வந்தது. வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிற ஆடு மாதிரி, அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தலை. மூன்றாவது தடவை அவன் நன்றாக நின்றான். என் மனைவி கெடுத்தாள். “என்னைய எதுக்குக் கேக்க?” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டக்கென்று திரும்பி, “வெளங்கிச்சாலே?” என்று அவனிடம் கேட்டாள்.

“ஏட்டி! அது வசனத்துல இல்ல.”

“இல்லாட்டி என்ன? சுவத்தப் பாத்துப் பேசிட்டு நான் பாட்டுக்கு நிக்க முடியுமா? அவனுக்கு எட்டுச்சான்னு பாக்க வேண்டாமா?”

நான்காவது தடவைக்கு மாமா ஒரு யோசனை சொன்னார். அவரே மச்சினனுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, அவன் சட்டையைப் பின்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆக்‌ஷன் சொன்னேன். மச்சினன் முன்னால் போகப் பார்த்தான், மாமா இழுத்தார், ஒரு பித்தான் தெறித்துக் கேமராவில் பட்டது. கண் கலங்க வேண்டியவன் தொப்புளைக் காட்டிக்கொண்டு நின்றான். நானே கட் சொல்ல முடியாமல் சிரித்துக் குப்புற விழுந்துவிட்டேன். டைரக்டர் சிரித்தால் அப்புறம் யார் கேட்பார்கள்? கால் மணி நேரம் போச்சு.

மணி பதினொன்றரை. அண்ணாச்சி போன் பண்ணினார்.

“என்னவே, முடிஞ்சுதா?”

“முக்காவாசி முடிஞ்சிட்டு அண்ணாச்சி.”

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அதைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த யோசனை என்னுடையது. சுவரில் எல்லாரும் தலை சீவுகிற கண்ணாடி ஒன்று தொங்கியது. அதைக் கழற்றி, கேமராவுக்குச் சற்று முன்னால் ஓரமாக ஒரு தறியில் சாய்த்து வைத்தேன். மச்சினன் நின்ற இடத்திலிருந்தே கண்ணாடியில் அக்காவின் வாயைப் பார்த்துக்கொள்ளலாம். என்ன மூளை பாருங்கள்! அந்தத் தடவை எல்லாம் கச்சிதம். இருவரும் குறியை விட்டு நகரவில்லை. வசனம் தப்பவில்லை. நான் குதித்துக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தேன். கடைசி நொடியில் கண்ணாடி தறியிலிருந்து சரிந்து, கேமராப் பக்கம் திரும்பி, காட்சிக்குள் பாதி வந்திருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் கேமரா, கேமராவுக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நான், எனக்குப் பின்னால் மாமா. மாமா முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

“நான் வந்திருக்கேம்லா!” என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “இதையே வச்சிரு மாப்ள.”

நான் ஒரு நூல் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். மணி பன்னிரண்டரை. மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. என் மனைவி தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கேன், கோவப்படப்பிடாது. நாங்க நவுரக் கூடாது, நவுரக் கூடாதுங்கீங்க. அந்தக் கேமராவுக்கு என்ன, கால் இல்லியா? அது நவுரட்டுமே.”

“அதுக்குக் கால் மூணு இருக்கு, அது ஸ்டாண்டு. பேசாம இரி” என்று சொல்லிவிட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, எனக்குச் சுரீர் என்றது. கல்யாணத்தில் நான் நின்ற இடத்திலேயே நின்று ஊரையே திரும்பச் சொல்லிப் பழகியவன். மணவறை நகராது, நானும் நகரமாட்டேன். இங்கேயும் அதையேதான் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“எந்திரி. ரெண்டு பேரும் உங்க இஷ்டத்துக்கு ஒரு தடவ பேசுங்க. நான் எடுக்கல, பாக்க மட்டும் செய்யுதேன்.”

பேசினார்கள். அக்கா முதுகைத் திருப்பினாள். தம்பி சுற்றிக்கொண்டு முன்னால் போனான். அவள் மறுபடி திருப்பினாள். அவன் மறுபடி சுற்றினான். நான் வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன். பிள்ளைகளே, நீங்களும் இரண்டு பேரை நிற்க வைத்துப் பாருங்கள், அப்போதுதான் விளங்கும். தம்பி அக்காவுக்கு முன்னால் வரும்போது, அவன் முதலில் நின்ற இடம் காலியாக இருக்கிறது. அதே நேரம் கேமரா அந்தக் காலி இடத்துக்குப் போய்விட்டால்? அக்கா தம்பியைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்புவாள். யார் பக்கம் திரும்புவாள்? கேமரா பக்கம்! மறுபடியும் முன்னால் கோபக்காரி, பின்னால் கெஞ்சுகிறவன். நாடகத்தில் வருகிற அதே நிலை தானாகவே அமைந்துவிடுகிறது. தம்பியும் கேமராவும் அக்காவைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருந்தால் போதும். முகத்துக்கு முகம் பார்க்காமல் யாரும் பேச வேண்டியதில்லை.

போனில் பார்த்த பாடத்தில், நடிக்கிற இருவருக்கும் நடுவில் ஒரு நூல் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள், கேமரா அந்த நூலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தாண்டினால் இடது பக்கம் நின்றவர் திடீரென்று வலது பக்கம் நிற்பார், பார்க்கிறவர்களுக்குக் குழம்பும். ஆனால் வெட்டாமல், ஒரே ஓட்டமாகப் பார்க்கிறவரையும் கூட்டிக்கொண்டே தாண்டினால் குழம்பாது. அதுவும் அந்தப் பாடத்திலேயே கடைசியில் இருந்தது. நான் கடைசி வரை பார்த்திருந்தது அன்றைக்குத்தான் உதவியது.

சுற்றி வருவதற்கு ஒரு வண்டி வேண்டும். பாவு நூல் சுற்றிய இரும்பு உருளைகளை ஏற்றித் தள்ளுகிற தாழ்வான வண்டி ஒன்று கூடத்தில் இருந்தது. அதற்கு ஒரு நோய். நேராகவே போகாது, இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அதை ரிப்பேர் பார்க்காததற்காக மாமா முதலாளியிடம் தினமும் திட்டு வாங்குவார். இப்போது அதைப் பார்த்ததும் எனக்கு அதைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. இடது பக்கம் இழுத்துக்கொண்டே போனால் அது வட்டம்தானே? ஆறு உருளைகளை ஓரமாக உருட்டி இடம் பண்ணினோம். அக்காவை நடுவில் நிறுத்தினேன். சாக்குக் கட்டியால் இந்தத் தடவை அவர்களுக்குக் குறி போடவில்லை, வண்டிக்குப் போட்டேன். மச்சினனிடம், “அக்காவ உனக்கு இடக்கைப் பக்கம் வச்சுக்கிட்டே சுத்து, நாங்களும் அப்படித்தான் சுத்துவோம். மாத்திச் சுத்துனா மோதிருவோம்” என்றேன். வண்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவை மடியில் அணைத்துக்கொண்டேன். தள்ளுவதற்கு மாமா.

“இதாம் மாப்ள எனக்கேத்த வேசம்” என்றார்.

முதல் ஓட்டத்தில் மச்சினன் மாற்றிச் சுற்றினான். மோதினோம். இரண்டாவதில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, என் காதுக்குப் பின்னாலிருந்து “ஓரம்! ஓரம்! ஏலே ஓரம் போ!” என்று ஒரு கூப்பாடு. மாமாதான். வருடக்கணக்காக அந்த வண்டியைத் தள்ளும்போது அப்படிக் கத்தித்தான் அவருக்குப் பழக்கம். சக்கரம் உருண்டால் வாய் தானாகக் கத்துகிறது. அக்காவும் தம்பியும் பழக்க தோஷத்தில் பாய்ந்து ஓரம் போய்விட்டார்கள். நான் வெறும் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு ஒரு முழு வட்டம் போய் வந்தேன். மாமா வாயில் ஒரு துண்டைத் திணித்தோம். மூன்றாவதில் என் கைலி சக்கரத்தில் சிக்கியது. அதை நான் விவரிக்கப் போவதில்லை.

மணி ஒன்று முப்பத்தைந்து.

“இதான் கடைசி” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மச்சினன் பித்தான் போன இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டான்.

“ஆக்‌ஷன்!”

“நான் திருப்பூருக்குப் போறேன்க்கா.”

அக்கா திரும்பினாள். “போறதுன்னா போயேன். என்னைய எதுக்குக் கேக்க?” தம்பி சுற்ற ஆரம்பித்தான். வண்டி நகர்ந்தது. அவன் விட்ட இடத்துக்கு நாங்கள், நாங்கள் விட்ட இடத்துக்கு அவன். கேமராவின் சின்னத் திரையில் அக்காவின் கன்னம் மெதுவாக நகர்ந்து, காது வந்து, கொண்டை வந்து, அவள் வெடுக்கென்று திரும்பினாள். முழு முகம்! பின்னால் தம்பி. எனக்கு உச்சந்தலையில் மயிர் சிலிர்த்தது. இன்னொரு சுற்று. தறிகளும் ஜன்னலும் வெளிச்சமும் அவர்களுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போயின. ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு விட்டால் கேமரா ஆடும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை தம்பி முன்னால் வந்தபோது அவள் திரும்பக் கூடாது, அதுதான் காட்சியின் உயிர். திரும்பவில்லை. மாமாவின் முழங்காலில் தட்டினேன், வண்டி பாதி வழியில் நின்றது. பக்கவாட்டில் இரண்டு முகமும் நேருக்கு நேர்.

அங்கே நான் ஒரு பெரிய வசனம் எழுதி வைத்திருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்தது, ரத்தம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. என் மனைவி அதைச் சொல்லவில்லை. அவள் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். “சரி, போ. அந்த மிக்ஸிய ரிப்பேர் பாத்துக் குடுத்துட்டுப் போ” என்றாள்.

மச்சினனுக்குக் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. தலையை ஆட்டினான்.

“கட்!”

கூத்தாடினோம். மாமா வாயில் துண்டோடு என்னைத் தூக்கினார். மச்சினன் உருளை மேல் ஏறிக் குதித்தான். “மிக்ஸிய எங்கேருந்துட்டி பிடிச்ச?” என்று கேட்டேன். “அது மூணு மாசமா ஓடல, உங்களுக்கு எங்க தெரியும்” என்றாள். மீதி முறுக்கை ஆளுக்கு ஒன்று தின்றோம். போட்டுப் பார்த்தேன், படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. மாமா மெயின் சுவிட்சைப் போட்டார், எங்கள் தறிகளும் ஓட ஆரம்பித்தன. என் மனைவியும் மச்சினனும் வேலையில் நின்றார்கள். நான் பைக்கில் பறந்தேன்.

அண்ணாச்சியின் ஆபீஸ் அவருடைய வீட்டின் முன்னறைதான். கம்ப்யூட்டரில் போட்டார். முதல் சுற்றில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பா, தலையச் சுத்துதுவே. எதுல வச்சு எடுத்தீரு?”

“பாவு வண்டில அண்ணாச்சி.”

“நம்ம ஊரு பாவு வண்டிலயா!” இரண்டாவது சுற்றில் முன்னால் குனிந்தார். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. அப்புறம் அவர் முகம் சுருங்கியது. “இது என்னவே சத்தம்?”

“எது அண்ணாச்சி?”

“டக்கடக்குன்னு கேக்குதே. அவ என்ன சொல்லுதான்னே தெரியலியே.”

நான் காதைத் தீட்டினேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் கேட்டது. கரண்டு இருபது நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறது. எங்கள் கூடத்தில் மெயினை அணைத்து வைத்திருந்தோம், ஆனால் இரண்டு பக்கத்து வீட்டுத் தறிகளும் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்திருக்கின்றன. கடைசி ஒரு நிமிடம் முழுக்கத் தறிச் சத்தம். எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. நடித்தவர்களுக்கும் இல்லை, தள்ளினவருக்கும் இல்லை, டைரக்டர் என்று உட்கார்ந்திருந்த எனக்கும் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தை யார் கேட்பார்கள்?

“திரும்ப எடுக்க முடியாதா?”

“அடுத்த மாசம் கரண்டு நிறுத்துனாத்தான் அண்ணாச்சி.”

அவர் மேசை மேல் இருந்த, பாட்டுகள் பதிந்த ஹார்டு டிஸ்க் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். படம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அக்கா பஞ்சை எடுத்துப் போட்டாள், வாயசைத்தாள். தறிச் சத்தம்தான் கேட்டது.

எங்களுக்குப் பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணாச்சியின் வீட்டம்மா. காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார்கள். காப்பி தளும்பிச் சேலையில் ஊற்றிவிட்டது. அதைக் கூடப் பார்க்கவில்லை.

“எதுக்குச் சிரிக்க?” என்றார் அண்ணாச்சி.

“மிக்ஸிய ரிப்பேர் பாத்துக் குடுத்துட்டுப் போன்னு சொல்லுதா! என்ன அக்காக்காரிங்க இவ! பாவம், அந்தப் பயலுக்கு அழுக வந்துட்டு.” அவர்களுக்கும் கண்ணில் தண்ணீர்.

“உனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் கேக்கலியே!”

“கேக்க எதுக்கு? அதான் தெளிவாச் சொல்லுதாளே, வாயப் பாத்தாத் தெரியாதா? நான் தறிவீட்டுப் பொண்ணுன்னு மறந்து போச்சோ?”

அண்ணாச்சி படத்தைப் பின்னால் ஓட்டி, மறுபடி அந்த இடத்தைப் போட்டார். உதட்டையே உற்றுப் பார்த்தார். அவர் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், ஒன்றும் பிடிபடவில்லை. “மிக்ஸியா?” என்றார். “மிக்ஸிதான்” என்றார்கள் வீட்டம்மா. மூன்றாவது தடவை போட்டபோது, அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சவத்த, ஊருல பாதிப் பேரு தறிக்காரன். அவனுக்கு வெளங்கும். மீதிப் பேருக்கு அடியில எழுத்துப் போட்டுருவோம்” என்று பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். “வே, அந்தக் கால் மணி நேரம் உமக்குத்தான். வாராவாரம் தந்திருவீரா?”

“தந்திருதேன் அண்ணாச்சி” என்று சொன்னேனா, இல்லை வாயை மட்டும் அசைத்தேனா, எனக்குத் தெரியாது. வீட்டம்மா கொடுத்த மீதிக் காப்பியைச் சூட்டோடு ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு கும்பிடு போட்டேன். வெளியில் ஓடி வந்து, வாசலில் நின்ற பைக்கில் ஏறி, சாவியைப் போட்டுத் திருகு திருகு என்று திருகினேன். ஓடவில்லை. உதைத்தேன். வேர்த்து வழிய உதைத்தேன். உலகத்திலேயே சந்தோஷமாக வண்டியை உதைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாசலில் அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“டைரக்டரே, இறங்கும். அது என் வண்டி.”